காத்திருந்தால் மலியுமா பிராசசர்?

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் இருக்கிறது கள்ளிக்குப்பம். ஒரு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் சூரப்பட்டில் வேலம்மாள் பொறியியல் கல்லூரி, சற்றுத் தள்ளி ஆவடியும் அதன் பாதுகாப்புத் துறை ஆலைகளும். இந்த வட்டாரத்தில் பல வீடுகளில் கணினி என்பது பிழைப்போடு ஒட்டிய பொருள். தொழிற்பேட்டைப் பட்டறைகளுக்கு டை, ஜிக், ஃபிக்ஸ்சர் வரைந்து கொடுப்பவர், சிஎன்சி மெஷினுக்கு புரோகிராம் எழுதுபவர், நாலைந்து கம்பெனிகளுக்கு டேலியில் கணக்கு வைத்து ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவர், கல்யாண ஆல்பம் தயாரிப்பவர், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் என எல்லோரும் ஒருநாள் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர் தவழ்கிறது. புது பிராசசர் போட்டாக வேண்டும். இப்போதே வாங்கிவிடலாமா, இல்லை ஆறு மாதம் பொறுத்தால் விலையும் இறங்கி, அதைவிட நல்லதும் வந்துவிடுமா?

பொறுப்பதுதான் புத்திசாலித்தனம் என்று பலரும் சொல்வார்கள். எலெக்ட்ரானிக்ஸ் என்றாலே நாளாக ஆக விலை இறங்கும், தரம் ஏறும் என்று ஒரு தலைமுறையே கண்ணால் பார்த்துப் பழகியிருக்கிறது. செல்போனிலும் டிவியிலும் அதைப் பார்த்தோம். பிராசசரிலும் பார்த்தோம். ஆனால் அந்த அனுபவம் ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு உரியது. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதும், ரூபாயில் சம்பாதித்து ரூபாயில் வாங்குகிறவருக்குக் காத்திருப்பு இன்று பெரும்பாலும் நஷ்டக் கணக்கு என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம். செய்து முடிக்க வேண்டிய வேலை கையில் இருந்தால் இப்போதே வாங்குவது சரி. ஆனால் கடைக்கு நேற்று வந்த சரக்கை வாங்குவது சரியல்ல. இந்த இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

காத்திருப்பு லாபமா நஷ்டமா என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்காகவே போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. 1999இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சில வானியலாளர்கள், விளையாட்டும் கணிதமும் கலந்த ஒரு சிறு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். கேள்வி இதுதான்: ஒரு பெரிய கணக்கீட்டை இன்றைய கம்ப்யூட்டரில் இன்றே தொடங்குவதா, கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, பிறகு வேகமான கம்ப்யூட்டரை வாங்கித் தொடங்குவதா? எது முதலில் முடியும்? பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டரின் திறன் இரட்டிப்பாகிறது என்ற அந்தக் காலத்துக் கணிப்பை வைத்துப் பார்த்தால் விடை 26 மாதம். இன்றைய கம்ப்யூட்டரில் 26 மாதங்களுக்கு மேல் ஓடக்கூடிய கணக்கீடு என்றால் காத்திருப்பது லாபம். அதற்குக் குறைவான எதுவானாலும் இன்றே தொடங்கிவிட வேண்டும். கவனியுங்கள், பிராசசர் வரலாற்றிலேயே வளர்ச்சி மிக வேகமாக இருந்த காலத்தின் கணக்கு இது. அந்தப் பொற்காலத்திலும் இரண்டு வருடத்துக்குமேல் இடைவிடாமல் ஓடும் வேலைக்குத்தான் காத்திருப்பு பலன் தந்தது.

இன்று அந்த வேகம் இல்லை. 1993இல் வந்த முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் ஏஎம்டியின் அத்லான் 1,000 மெகாஹெர்ட்ஸைத் தொட்டது. ஏழே வருடத்தில் பதினைந்து மடங்கு! 2002 முடிவதற்குள் பென்டியம் 4 மூன்று கிகாஹெர்ட்ஸைத் தாண்டிவிட்டது. அதன்பின் இருபது வருடங்களுக்கு மேலாகியும், இன்றைய உச்சம் ஆறு கிகாஹெர்ட்ஸைச் சுற்றித்தான் நிற்கிறது. காரணம் வெப்பம். டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அது இழுக்கும் மின்சாரமும் அதே விகிதத்தில் குறைந்துகொண்டு வந்த வரையில், சூடு ஏறாமல் வேகத்தை மட்டும் ஏற்ற முடிந்தது. 2005 வாக்கில் அந்தச் சலுகை முடிந்துபோனது. இன்டெல் தன் அடுத்த பெரிய திட்டமாக வைத்திருந்த டேஜஸ் என்ற சிப்பை 2004 மே மாதத்தில் கைவிட்டு, ஒரே சிப்பில் பல கோர்களை வைக்கும் பாதைக்குத் திரும்பியது.

பின்னர் வேகம் கோர்களின் எண்ணிக்கையில் வந்தது என்று சொல்லலாம். உண்மைதான், சில காலம் வந்தது. ஆனால் சாதாரண டெஸ்க்டாப்புக்கான ஏஎம்டி வரிசையில் 16 கோர் பிராசசர் 2019 நவம்பரில் வந்தது. 2024இல் வந்த அந்த வரிசையின் தலைமைச் சிப்பிலும் அதே 16 கோர்தான். ஒவ்வொரு கோரின் திறமையும் கூடாமல் இல்லை. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசைக்கும் 2024இல் வந்த 9000 வரிசைக்கும் இடையே, ஒரே கடிகார வேகத்தில் சராசரியாக 16 விழுக்காடு முன்னேற்றம் என்று ஏஎம்டியே விளம்பரப்படுத்தியது. விற்பவர் வாயால் வந்த எண் என்பதால் அதைவிடக் கூடுதலாக யாரும் எதிர்பார்க்கத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு 16 என்றால் வருடத்துக்கு எட்டுக்கும் குறைவு. தாராளமாகப் பத்து என்றே வைத்துக்கொண்டு அரிசோனாக்காரர்களின் சூத்திரத்தில் மறுபடி போட்டால், 26 மாதம் என்ற எல்லை பத்தரை வருடமாக நீள்கிறது. அதாவது, இன்றைய பிராசசரில் பத்தரை வருடம் ஓய்வில்லாமல் ஓடும் வேலை உங்களிடம் இருந்தால்தான் வேகத்துக்காகக் காத்திருப்பது லாபம். டை வரைகிறவருக்கோ ஆல்பம் போடுகிறவருக்கோ அப்படி ஒரு வேலை வரப்போவதில்லை.

வேகம் கிடக்கட்டும், விலையாவது இறங்காதா என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் அமெரிக்காவில் எழுதப்படும் அறிவுரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது. பிராசசரின் விலை டாலரில் நிர்ணயிக்கப்படுகிறது. 2011இன் நடுவில் ஒரு டாலர் சுமார் 45 ரூபாய். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் அது 90 ரூபாயைத் தாண்டியது. 200 டாலர் பிராசசர் ஒன்று அன்றும் இன்றும் 200 டாலராகவே இருந்தாலும், நமக்கு அது 9,000 ரூபாயிலிருந்து 18,000 ரூபாய் ஆகிவிட்டது. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்தால் 21,240. அமெரிக்காவில் இருப்பவர் ஒரு வருடம் காத்திருந்து பத்து விழுக்காடு மிச்சப்படுத்தும்போது, அந்த மிச்சத்தில் பாதியையோ முழுவதையோ இங்கே ரூபாயின் சரிவு தின்றுவிடுகிறது. நம் வீடுகளில் துணிக்கு ஆடித் தள்ளுபடி வரை பொறுப்பார்கள், தங்கத்துக்குப் பணம் சேர்ந்த அன்றே கடைக்குப் போவார்கள். வாங்கும் நேரத்தைப் பொறுத்தவரை பிராசசர் நெடுங்காலம் துணியின் பக்கம் இருந்தது. இப்போது தங்கத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. திருப்பி விற்றால் தங்கத்தின் மதிப்பு வராது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வரி குறையும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது பெரிய டிவி, ஏசி, மானிட்டர் ஆகியவை 28இலிருந்து 18 விழுக்காட்டுக்கு இறங்கின. பிராசசர் முன்பே 18இல் இருந்ததால் ஒரு பைசாகூட இறங்கவில்லை. அரசின் முடிவு எதிர்த் திசையிலும் வரலாம். 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி, லேப்டாப்பையும் கம்ப்யூட்டரையும் இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும் என்று மத்திய அரசு திடீரென்று அறிவித்தது. மறுநாளே அதைத் தள்ளிவைத்தார்கள், பிறகு தளர்த்தவும் செய்தார்கள். ஆனாலும் அந்த ஒரு நாள், விலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடலாம் என்பதைக் காட்டிவிட்டுப் போனது.

பிராசசரை மட்டும் தனியாக வாங்கி யாரும் எதுவும் செய்துவிட முடியாது. அதற்கு மதர்போர்டு வேண்டும், ரேம் வேண்டும், எஸ்எஸ்டி வேண்டும். காத்திருந்தவர்களை 2025இன் கடைசி மாதங்கள் அதிகம் தண்டித்தது ரேமில்தான். உலகத்தின் மெமரி சிப்களில் பெரும்பகுதியைச் செய்பவை மூன்றே நிறுவனங்கள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்களில் பொருத்தப்படும் விசேஷ மெமரிக்கு நல்ல லாபம் கிடைப்பதால், மூன்றும் தங்கள் ஆலைகளின் திறனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரேம் வரத்து சுருங்கியது. சில மாதங்களுக்குள் டிடிஆர்5 ரேமின் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான் நிறுவனம், ஏறத்தாழ முப்பது வருடமாகச் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றுவந்த தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்யப் போகும் எவருக்கும் பழக்கமான பெயர் அது. கோடையில் பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து வாங்கியவருக்கும், "தீபாவளிக்குப் பார்த்துக்கலாம்" என்று விட்டவருக்கும் இடையே உண்டான வித்தியாசத்தை எந்தப் பண்டிகைத் தள்ளுபடியாலும் ஈடுகட்டியிருக்க முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், இந்த மாற்றத்தின் ஒரு முனை அம்பத்தூரிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. லேத்தும் பிரஸ்ஸும் ஓடிய தொழிற்பேட்டை வட்டாரத்தில் இப்போது டேட்டா சென்டர்கள் எழுகின்றன. ஜப்பானின் என்டிடி இங்கே ஒரு வளாகம் வைத்திருக்கிறது. புரூக்ஃபீல்ட், ஜியோ, டிஜிட்டல் ரியால்ட்டி மூன்றும் கூட்டாக நடத்தும் டிஜிட்டல் கனெக்‌ஷன், 100 மெகாவாட் வரை விரியக்கூடிய தன் மையத்தின் முதல் கட்டத்தை 2024 தொடக்கத்தில் அம்பத்தூரில் திறந்தது. உலகத்தில் இப்படி எழும் ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் அடுக்கடுக்காக சர்வர்கள், அவற்றுக்குள் பிராசசரும் மெமரியும். கள்ளிக்குப்பத்தில் ஒரு 16 ஜிபி ரேம் வாங்க நினைப்பவர் இன்று அந்தப் பிரம்மாண்டமான வாங்குபவர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார். சிப் தயாரிப்பவரின் கணக்குப் புத்தகத்தில் இருவருக்கும் ஒரே மரியாதை கிடைக்காது. வீட்டு உபயோகத்துக்கான சரக்கு வரவரக் கடைசிப் பங்காகிக்கொண்டிருக்கும் காலத்தில், பொறுத்தால் மலியும் என்ற நம்பிக்கைக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

மெமரி விலை ஏறும், இறங்கும், அது வழக்கம்தானே என்பது நியாயமான பதில். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் ஆலைகள் மூழ்கியபோதும் விலை இரண்டு மடங்கானது, பிறகு இறங்கியது. 2021இல் கிராபிக்ஸ் கார்டு கிடைக்காமல் திண்டாடினோம், அதுவும் சரியானது. இந்த முறையும் ஒருநாள் இறங்கும். ஆனால் எப்போது என்று சொல்ல யாராலும் முடியாது, புது மெமரி ஆலை ஒன்றைக் கட்டி முடிக்கச் சில வருடங்கள் பிடிக்கும் என்பதால் அது ஆறு மாதத்தில் நடக்கும் காரியமாகவும் தெரியவில்லை. அதுவரை தவழும் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கணக்கில் எழுதத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. மாதம் 25,000 ரூபாய் சம்பளத்தில், 200 மணி நேரம் வேலை செய்யும் ஒரு டிசைனரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 125 ரூபாய். மாடலை ரீபில்ட் செய்யும்போதும் ஃபைலைத் திறக்கும்போதும் பழைய பிராசசர் அவரை நாளைக்கு அரை மணி நேரம் சும்மா உட்காரவைக்கிறது என்றால், 25 வேலை நாளில் பன்னிரண்டரை மணி நேரம், ஏறக்குறைய 1,560 ரூபாய். ஆறு மாதத்தில் 9,375 ரூபாய். நடுத்தர பிராசசர் ஒன்றில் ஆறு மாதப் பொறுமை தரக்கூடிய எந்தத் தள்ளுபடியைவிடவும் இது அதிகம். நேரத்துக்கு டிராயிங் போகாமல் கைநழுவும் ஆர்டரை இதில் சேர்க்கவே இல்லை. பட்டறை ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால் கட்டிய 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். கணக்கு வைத்து வருமான வரி கட்டுபவருக்குக் கம்ப்யூட்டர் மீது ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் உண்டு. ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளாவது பயன்பாட்டில் இருந்தால்தான் முழுதும் கிடைக்கும், இல்லாவிட்டால் பாதிதான். செப்டம்பர் முடிவதற்குள் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியவருக்கும், வருடக் கடைசித் தள்ளுபடிக்காக டிசம்பரில் வாங்கியவருக்கும் வித்தியாசம் ஆடிட்டர் மேஜையில் தெரியும்.

எதிர்வாதங்களில் மிக வலுவானது 2017. இன்டெல் 2011 தொடங்கி ஆறு வருடம் சாதாரண டெஸ்க்டாப்பை நாலு கோரிலேயே வைத்திருந்தது. 2017 ஜனவரியில் வந்த கோர் ஐ7-7700கே பிராசசருக்கும் நாலு கோர்தான். அதை நல்ல விலை கொடுத்து வாங்கியவர்கள் இரண்டே மாதத்தில் ஏஎம்டியின் முதல் ரைசன் எட்டு கோரோடு வந்து நிற்பதைப் பார்த்தார்கள். அக்டோபரில் இன்டெல்லே ஆறு கோர் பிராசசரை இறக்கியது. காத்திருந்தவர்கள் ஜெயித்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எதற்காகக் காத்திருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ரைசனை ஏஎம்டி 2016 ஆகஸ்டிலேயே மேடையில் ஓட்டிக் காட்டியிருந்தது, டிசம்பரில் பெயரையும் அறிவித்தது. பெயரும், ஏறக்குறையத் தேதியும், கண்ணால் பார்த்த ஆதாரமும் இருந்த ஒரு பொருளுக்காகச் சில வாரங்கள் பொறுப்பது வேறு. அடுத்த வருடம் ஏதாவது வரும் என்று பொறுப்பது வேறு. அறிமுகத் தேதி அறிவிக்கப்பட்டு, அது ஒன்றிரண்டு மாதத்துக்குள் என்றால் பொறுக்கலாம். அந்த விதிவிலக்கை மனதார ஒப்புக்கொள்கிறேன்.

அதே விதிவிலக்கும் எல்லா முறையும் பலிப்பதில்லை. 2024இல் இரண்டு புதிய தலைமுறைகளுக்காக உலகமே காத்திருந்தது. ஆகஸ்டில் வந்த ரைசன் 9000 வரிசை, கேம் ஆடுபவர்களுக்கு முந்தைய வரிசையைவிடச் சொற்ப முன்னேற்றமே தந்தது. அக்டோபரில் வந்த இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசை பல கேம்களில் இன்டெல்லின் சொந்த 14ஆம் தலைமுறையைவிடப் பின்தங்கியது. அதற்குள் ரைசன் 7 7800எக்ஸ்3டி என்ற 2023ஆம் வருடத்துப் பிராசசர், கையிருப்பு குறைந்ததால் விலை இறங்குவதற்குப் பதிலாக ஏறிவிட்டது. புதியது வந்தால் பழையது மலியும் என்று பொறுத்தவர்களுக்குப் புதியதும் பிடிக்கவில்லை, பழையதும் எட்டவில்லை. சிப் நிறுவனங்கள் பழைய சரக்கைத் தேவைக்கு அதிகமாகச் செய்து குவிப்பதில்லை. ஒரு நல்ல பிராசசர் மலிவாகக் கிடைக்கும் காலம் அடுத்த தலைமுறை வருவதற்குச் சற்று முன்னும் வந்த புதிதிலும் கொஞ்ச நாள்தான்.

இப்போதே வாங்கு என்று சொல்வதைப் புத்தம் புதிதை வாங்கு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்டெல்லின் 13ஆம் தலைமுறை பிராசசர்கள் 2022 அக்டோபரில் வந்தன. அவற்றிலும் 14ஆம் தலைமுறையிலும் பல பிராசசர்கள், தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் நாளடைவில் பழுதாகி கம்ப்யூட்டரை நிலைகுலையச் செய்கின்றன என்பதை இன்டெல் 2024 ஜூலையில்தான் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதம் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே சேதமான சிப்பைத் திருத்தத்தால் சரிசெய்ய முடியாது. ஏஎம்டி பக்கமும் 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி வரிசையில் சில சிப்கள் சாக்கெட்டோடு கருகின, போர்டுகளின் மின்னழுத்தத்துக்கு அவசரமாக உச்சவரம்பு வைத்தார்கள். முதல் நாள் வாங்குகிறவர் காசு கொடுத்துச் சோதனை செய்து தருகிறார். ஒரு வருடமாவது சந்தையில் இருந்து, பயாஸ் திருத்தங்கள் வந்து நிலைத்துப்போன பிராசசரை வாங்குவதே குடும்பப் பணத்தில் வாங்குபவருக்கு ஏற்றது. விலைப்பட்டியலின் உச்சியும் வேண்டாம். இன்டெல்லின் தலைமைச் சிப்களில் சில 253 வாட் வரை இழுக்கக்கூடியவை. ஏசி இல்லாத அறையில், கத்திரி வெயிலில், 100 டிகிரி என்ற உள்வரம்பைத் தொட்டதும் அவை தாமாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கடைசிப் பத்து விழுக்காடு வேகத்துக்குக் கொடுத்த பணம் மே மாதத்தில் ஆவியாகிவிடும். 65 வாட் வகுப்புப் பிராசசர்தான் நம் ஊர் அறைக்குச் சரி. ரிச்சி தெருவில், பெட்டியில்லாமல் வரும் டிரே பீஸ் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மூன்று வருடக் கம்பெனி உத்தரவாதம் பாக்ஸ் பீஸுக்குத்தான். வித்தியாசம் சில நூறு ரூபாய் என்றால் பாக்ஸையே கேட்டு வாங்குங்கள்.

வாங்கிவிட்டால் அடுத்து வருவதை இழந்துவிடுவோமே என்ற பயத்துக்கு, போர்டில் பிராசசர் பொருந்தும் சாக்கெட்டில் பதில் இருக்கிறது. ஏஎம்4 சாக்கெட் போர்டை 2017இல் வாங்கியவர், ஐந்து வருடம் கழித்து 2022இல், பயாஸை மட்டும் புதுப்பித்து ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரை அதே போர்டில் போட முடிந்தது. அவர் முதல் நாளிலிருந்தே வேலையும் பார்த்தார், ஐந்து வருட முன்னேற்றத்தையும் விட்டுவிடவில்லை. இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையும் அதற்குப் பின்னும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் இந்த விஷயத்தில் தாராளமாக இருந்ததில்லை. 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ 1700 சாக்கெட் 2024இல் கோர் அல்ட்ரா வந்ததும் முடிந்துபோனது. ஆகவே இன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வி எந்த பிராசசர் என்பதைவிட எந்த சாக்கெட் என்பதே. ஏஎம்5 போர்டில் ஆறு கோர் பிராசசர் ஒன்றை இன்று போட்டு வேலையைத் தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்து வேண்டுமானால் அதை மட்டும் மாற்றலாம். அப்படிச் செய்கிறவர் உட்கார்ந்து காத்திருக்கவில்லை, வேலை செய்துகொண்டே காத்திருக்கிறார்.

உள்நாட்டுச் சிப் வந்தால் எல்லாம் மலியும் என்பவர்களும் இருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் சக்தி பிராசசரும், 2025 செப்டம்பரில் பிரதமரிடம் வழங்கப்பட்ட விக்ரம் 3201 சிப்பும் நாம் பெருமைப்பட வேண்டிய சாதனைகள். ஆனால் விக்ரம் ராக்கெட்டுகளுக்கானது, சக்தி ஆராய்ச்சிக்கும் கருவிகளுக்குள் பொதியும் பணிகளுக்கும் உரியது. விண்டோஸும் சாலிட்ஒர்க்ஸும் ஓடும் மேஜைக்கு அவை வருவதற்கு நெடுந்தூரம் இருக்கிறது.

சரி, யார்தான் காத்திருக்க வேண்டும்? இருக்கும் கம்ப்யூட்டர் வேலையை ஒழுங்காக முடித்துத் தந்தால் அவர் வாங்கவே தேவையில்லை. டேலியும் எக்செலும் பிரவுசரும் மட்டும் ஓடும் கம்ப்யூட்டர் மந்தமானால், பெரும்பாலும் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க்தான். ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் பாதிக்குமேல் குறை தீரும். கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்குக் கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. அதற்குத் தகுதியுள்ள பிள்ளை, புரோகிராமிங் பயில்வதற்கும் அசைன்மென்ட் எழுதுவதற்கும் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்குச் சிமுலேஷனோ வீடியோவோ செய்ய வேண்டியவருக்கு அந்த லேப்டாப் போதாது. நாலு வருடப் படிப்பில் ஒரு செமஸ்டர் என்பது எட்டில் ஒரு பங்கு, அதைப் பொறுமைக்குக் கொடுப்பது அதிக விலை.

விண்டோஸ் 10இல் தொங்கிக்கொண்டிருப்பவர்களின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நீட்டிப்பு 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11 முறையாக ஓட இன்டெல்லில் 8ஆம் தலைமுறையோ ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளையும் வங்கி விவரங்களையும் வைத்திருக்கும் கணக்கர் பாதுகாப்புத் திருத்தம் வராத கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பது, விலை இறங்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கக்கூடிய விஷயம் அல்ல. அவர் பணத்தைத் தேற்றி மாற்றிவிட வேண்டும்.

இவர்களில் பலருக்கும் இந்த நேரத்தில் மிகக் குறைந்த செலவில் ஒரு வழி உண்டு, கடைக்காரர் தாமாக அதைச் சொல்வது அரிது. கையிலிருப்பது ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் என்றால் அந்த ரேமை விற்றுவிடாதீர்கள். டிடிஆர்4 உற்பத்தியும் சுருங்கிவருவதால் இன்று அதுவே உங்கள் கம்ப்யூட்டரில் மதிப்பு குறையாத பாகம். போர்டுக்குப் புதிய பயாஸ் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். இருந்தால், 2022இல் வந்த ரைசன் 5 5600 போன்ற 65 வாட், ஆறு கோர் பிராசசர் ஒன்று போதும், விண்டோஸ் 11உம் ஓடும், டிராயிங்கும் ஓடும். முதலில் பழைய பிராசசரை வைத்தே பயாஸைப் புதுப்பித்துவிட்டு, அதன்பிறகு புதியதைப் பொருத்துங்கள். வரிசையை மாற்றிச் செய்தால் திரை வராது. கூலருக்குப் புதிதாகத் தெர்மல் பேஸ்ட் வைக்க மறக்காதீர்கள். இந்த வகைப் பிராசசர்களும் ஒவ்வொன்றாக உற்பத்தியிலிருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. 5800எக்ஸ்3டி ஏற்கெனவே கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை.